பச்சைக் கட்டு

வெள்ளை, மஞ்சள், பச்சை என்று மேசை மேல் மூன்று கட்டு கேள்வித்தாள், மூன்றும் ஒரே உயரம், அதற்குப் பின்னால் துறைத்தலைவர் ராஜரெத்தினம் சார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தொண்டையில் சீவல் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு செருமல், அப்புறம் "ஸ்டூடன்ட்ஸ்", அந்தக் கடைசி எழுத்தை மட்டும் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி இழுப்பார், ஸ்ஸ்ஸ், கல்லூரியில் சேர்ந்த இரண்டாம் நாளே எனக்கு அந்தக் குரல் வந்துவிட்டது, கேன்டீனில் செய்து காட்டினால் வடை போடுகிற அண்ணன் கரண்டியோடு வெளியே வந்து நின்று கேட்கிறார், இன்றைக்கு சார் அதே இழுப்பில், "உங்க லெவல் என்னன்னு எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும் ஸ்டூடன்ட்ஸ்ஸ்ஸ், வெள்ளை ஏ லெவல், நேரா காலேஜ் அல்ஜீப்ரா, மஞ்சள் பி லெவல், கொஞ்சம் ரிவிஷன், பச்சை சி லெவல், அடியில இருந்து, எந்தத் தாளை எடுக்கறீங்களோ அதைத்தான் எழுதணும், இந்த செமஸ்டர் பூரா அந்த வகுப்புலதான் உட்காரணும், யாரையும் கட்டாயப்படுத்த மாட்டோம்", கட்டாயப்படுத்த மாட்டாராம், பச்சை என்று சொல்லும்போது மட்டும் உதட்டின் இடது ஓரம் கொஞ்சம் மேலே போனது, அதையும் பிடித்து வைத்திருக்கிறேன், குரலைவிட உதடுதான் கஷ்டம், குரல் யாருக்கும் வரும். வரிசை நகர்கிறது. எனக்கு முன்னால் பாதி வகுப்பு நிற்கிறது, எனக்குப் பின்னால் நிஷா, அவளுக்குப் பின்னால் மீதிப் பாதி. நான் பச்சையைத்தான் எடுக்கப்போகிறேன். சொல்லிவிட்டேன். யாரிடம் சொன்னேன்? என்னிடம்தான், சத்தமில்லாமல், ஆனாலும் சொன்னது சொன்னதுதான். முதல் ஆள் வெள்ளை. இரண்டாவது ஆள் வெள்ளை. சிவப்புப் பை மாட்டிய பையன் மேசைக்கு முன்னால் போய் நின்று மூன்றையும் பார்க்கிறான், விரல் மஞ்சள்மேல் போகிறது, பின்னால் யாரோ இருமுகிறார்கள், விரல் வெள்ளைக்கு வந்துவிட்டது. இருமல்தான் அவன் லெவலைத் தீர்மானித்தது. ஹா.

சும்மாவா இருமினார்கள்? எல்லாரும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பரீட்சைக்கு வந்த மாதிரி இல்லை, பந்தியில் யார் எத்தனை பீஸ் எடுக்கிறார்கள் என்று பார்க்கிற மாதிரி. எனக்கு எதை எடுக்க என்ன தகுதி என்று இந்தத் தூத்துக்குடி முழுக்கத் தெரியும், ஏனென்றால் அப்பா மைக் செட் வைத்திருக்கிறார், பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மாதா கோயில் திருவிழாவுக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களைக் கழற்றாமல் வைத்திருந்து எங்கள் தெரு முனையிலிருந்து போட்டார் பாருங்கள் ஒரு அறிவிப்பு, "அன்பார்ந்த பொதுமக்களே", அப்பா மைக்கில் பேசினால் மூக்கில் கிளிப் போட்ட மாதிரி இருக்கும், வீட்டில் அந்தக் குரலே கிடையாது, "அன்பார்ந்த பொதுமக்களே, நமது ஊர் செல்வி ஜெனோவா, கணிதப் பாடத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றேழு மதிப்பெண்கள் பெற்று", மூன்று முறை சொன்னார், ஐஸ் விற்கிறவர் வண்டியை நிறுத்திக் கைதட்டினார், அம்மா மட்டும் வாசலில் நின்று "போதும்ங்கேன், கண்ணு படும், அணைங்க அதை" என்று கத்திக்கொண்டிருந்தாள், அம்மாவின் கத்தலும் மைக்கில் விழுந்து தெருவெல்லாம் கேட்டது. அந்தத் தொண்ணூற்றேழுதான் இப்போது இந்த வரிசையில் எனக்கு முன்னால் ஒரு ஆளாக நிற்கிறது. கொஞ்சம் தள்ளி நில்லு சனியனே, மேசை மறைக்குது. சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்பார், "என்ன பிள்ள, எந்த கிளாஸ் போட்டாவ?" நான் சி என்பேன். அப்பா சிரிப்பார். நான் வேறு யார் குரலிலாவது விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரிப்பார். அதுதான் என் பிரச்சினை, நான் உண்மையைச் சொன்னாலும் யார் மாதிரி சொல்கிறேன் என்றுதான் எல்லாரும் யோசிப்பார்கள்.

அந்தத் தொண்ணூற்றேழை எழுதியது நான் இல்லை. காப்பி அடித்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், பிட்டும் கிடையாது ஒன்றும் கிடையாது, சுத்தமாக உட்கார்ந்து எழுதினேன், ஆனால் நான் எழுதவில்லை, பால்துரை சார் எழுதினார். மட்டக்கடைப் பக்கம் ஒரு மாடி, மேலே ஆஸ்பெஸ்டாஸ், உள்ளே அறுபது பேர், வேர்வையும் சாக்பீஸும் சேர்ந்த வாசனை, பால்துரை சார் டியூஷன், அவர் பேசுவது தண்டவாளத்தில் ரயில் போகிற மாதிரி ஒரே தாளத்தில் இருக்கும், "எழுது, எடுத்துக்காட்டு ஆறு, புத்தகத்துல உள்ள மாதிரியே எழுது, மண்டையப் போட்டு உடைக்காத, எக்ஸ் இந்தப் பக்கம் இருக்கட்டும், அஞ்ச அந்தப் பக்கம் தள்ளு, தள்ளுனா என்னாவும்?" அறுபது பேரும் "மைனஸ் ஆவும் சார்", "மைனஸ் அந்தப் பக்கம் போனா?" "ப்ளஸ் ஆவும் சார்", "பெருக்கல் போனா?" "வகுத்தல் ஆவும் சார்", சொல்லிக்கொண்டே பிரம்பால் பெஞ்சைத் தட்டுவார், தட்டுவதும் தாளத்தில்தான். எனக்கு ஒரு குரலை இரண்டு தடவை கேட்டால் போதும். மூன்றாவது தடவை அது உள்ளே உட்கார்ந்து தானாகப் பேசும். பரீட்சை ஹாலில் கேள்வியைப் பார்ப்பேன், எடுத்துக்காட்டு எண் ஞாபகம் வரும், பால்துரை சார் உள்ளே செருமிக்கொண்டு ஆரம்பிப்பார், கை தானாக ஓடும், அவர் எங்கே மூச்சு வாங்குவாரோ அங்கே நான் அடுத்த வரிக்குப் போவேன். புத்தகம் முழுக்க, ஒவ்வொரு பயிற்சியும், முதல் கணக்கிலிருந்து கடைசிக் கணக்குவரை அவர் குரலில் எனக்குள் இருக்கிறது, இப்போது கேட்டாலும் பாடிக்காட்டுவேன். போன மூன்று மார்க் எது தெரியுமா? கட்டாய வினா. புத்தகத்தில் இல்லாத எண்ணைப் போட்டுக் கேட்ட ஒரே ஒரு கேள்வி. அதைப் பார்த்தேன், காத்திருந்தேன், பால்துரை சார் வரவில்லை. அவ்வளவு பெரிய ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும். நான் என்றைக்கும் அவ்வளவு அமைதியை உள்ளே கேட்டதில்லை, பயந்துபோய் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டேன். தொண்ணூற்றேழு என்றால் ஊரெல்லாம் அந்தத் தொண்ணூற்றேழைப் பார்க்கிறது, எனக்கு அந்த மூன்றுதான் தெரிகிறது, அந்த மூன்று மட்டும்தான் என்னுடையது, நானாக எழுதியிருந்தால் எல்லாமே அந்த மூன்று மாதிரிதான் இருந்திருக்கும்.

"ஏட்டி ஜெனோ, எதை எடுக்கப்போற?" நிஷா என் துப்பட்டாவை இழுக்கிறாள். நிஷாவுக்கு மெதுவாகப் பேச வராது, ரகசியம் பேசினாலும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். நான் பதிலுக்கு ஸ்டேஷன் அறிவிப்புப் பெண் மாதிரி, டிங் டாங் எல்லாம் போட்டு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, வெள்ளைத் தாள் செல்லும் வண்டி இன்னும் சற்று நேரத்தில்" என்கிறேன், முன்னால் நிற்கிற இரண்டு பேர் திரும்பிச் சிரிக்கிறார்கள், நிஷா சிரிக்கவில்லை. நேற்றிலிருந்தே அவள் சரியில்லை. நேற்று கேன்டீனில் பப்ஸைப் பிட்டுக்கொண்டே கேட்டாள், "ஏன்டி, அஞ்சு அந்தப் பக்கம் போனா ஏன் மைனஸ் ஆவுது?" நான் உடனே பால்துரை சாராகி, மேசையைத் தட்டி, "தள்ளுனா ஆவும், மண்டையப் போட்டு உடைக்காத" என்றேன், அவளுக்கு டீ மூக்கில் ஏறிவிட்டது, இருமி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி, "சரி, ஏன்?" நான் ராஜரெத்தினம் சாரானேன், "அது அப்படித்தான் ஸ்டூடன்ட்ஸ்ஸ்ஸ்", சிரித்தாள், "சரிட்டி, ஏன்?" நான் ஃபோன் பெண் ஆனேன், "நீங்கள் தொடர்பு கொள்ளும் எண் தற்போது எதிர்ப் பக்கம் சென்றுள்ளது", நான் மினிபஸ் கண்டக்டர் ஆனேன், "அந்தப் பக்கம் போறவங்கல்லாம் ப்ளஸ்ஸ இறக்கிட்டு மைனஸ்ஸ ஏத்திக்க, ஏறு ஏறு", பக்கத்து மேசையெல்லாம் எங்களைச் சுற்றி வந்துவிட்டது, கைதட்டு, விசில், நிஷா எல்லாவற்றுக்கும் சிரித்தாள், எல்லாவற்றுக்கும் பிறகு அதே மாதிரி, கொஞ்சமும் கோபமில்லாமல், "அது சரி, ஏன்னு சொல்லேன், எனக்கும் தெரியல, உனக்குத் தொண்ணூத்தேழுல்லா?" என்னிடம் இருந்த குரலெல்லாம் தீர்ந்துவிட்டது. அம்மாவையும் போட்டுவிட்டேன், பங்குச் சாமியாரையும் போட்டுவிட்டேன். பப்ஸ் மட்டும் கையில் இருந்தது. மணி அடித்ததா, நானே மணி மாதிரிக் கத்தினேனா என்று ஞாபகமில்லை, ஓடிவந்துவிட்டேன்.

வெள்ளை. வெள்ளை. வெள்ளை. ஒரு மஞ்சள், கண்ணாடி போட்ட பெண், எடுத்த வேகத்தில் தாளை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு போகிறாள், திருடிவிட்டுப் போகிற மாதிரி. ஏன் அப்படிப் போகிறாய்? நிமிர்ந்து போ, மஞ்சள்தானே, மஞ்சள்காமாலை இல்லையே. பச்சையை யாரும் தொடவில்லை. முதலில் இருந்த மாதிரியே இருக்கிறது, விளிம்பு கலையாமல், வெள்ளைக் கட்டு இறங்கி இறங்கிப் பாதியாகிவிட்டது, பச்சை மட்டும் உயரமாக, பெண் பார்க்க வந்தவர்கள் தொடாத கேசரி மாதிரி. வெள்ளையை எடுத்தால் என்ன? எடுத்தால் ஒன்றும் ஆகாது, இன்றைக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் பயம். ரெக்ஸ் அண்ணனுக்கும் முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. பெரியப்பா மகன், அதே பால்துரை சார், அதே மாடி, அதே பிரம்பு, அவனுக்குத் தொண்ணூற்றொன்பது, அவனுக்கும் அப்பா மைக்கில் சொன்னார், இன்ஜினியரிங் போனான், முதல் வாரம் வகுப்பில் போர்டில் என்னமோ ஓடியிருக்கிறது, எல்லாரும் தலையாட்டினார்கள், இவனும் ஆட்டினான். அவ்வளவுதான் அவன் செய்த தப்பு, தலையாட்டினான். ஒரு தடவை ஆட்டினால் அப்புறம் கையைத் தூக்க முடியாது, நேற்று ஏன் ஆட்டினாய் என்று கேட்பார்களே. அரியர் மேல் அரியர், கடைசியில் ஒருநாள் பெட்டியோடு வந்து இறங்கினான், யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவனும் ஒன்றும் சொல்லவில்லை, மறுநாளிலிருந்து அப்பாவோடு வயர் சுற்றுகிறான். இந்த ஊரில் எனக்குக் குரல் வராத ஒரே ஆள் ரெக்ஸ் அண்ணன். அவன் முன்னெல்லாம் பேசுவான், எவ்வளவு பேசுவான், இப்போது பேசாமல் இருக்கிறானே, அதை எப்படிப் பேசிக்காட்டுவது?

அண்ணனை ஒரே ஒரு தடவைதான் திரும்பக் கத்தவைத்தேன். போன திருவிழாவுக்கு. டிவிஎஸ் வண்டியில் பின்னால் கம்பு கட்டி, இந்தப் பக்கம் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி, அந்தப் பக்கம் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி தொங்கவிட்டு, சரிசமமாக நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனான், நான் மெதுவாகப் போய் இந்தப் பக்கம் ஒரு பெட்டியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு ஓடினேன், பின்னால் டமார், வண்டி அந்தப் பக்கமாகப் படுத்துவிட்டது, "ஏ எருமை, அவுக்கதுன்னா ரெண்டு பக்கமும் அவுக்கணும்லா, ஒத்தப் பக்கம் அவுத்தா எப்படிட்டி நிக்கும்" என்று டீக் கிளாஸோடு துரத்தினான், ஓடும்போது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பெட்டி கனம் நெஞ்சில் இடிக்கிறது, அண்ணன் பேசிவிட்டான், அண்ணன் பேசிவிட்டான். அதைவிட நல்ல விளையாட்டு என்றால் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் தினத்துக்குக் கொடுத்த லட்டு டப்பாதான், மேல் அடுக்கில் மட்டும் லட்டு, கீழே எல்லாம் பேப்பர் உருண்டை, ஹெட்மிஸ்ட்ரஸ் எல்லாருக்கும் நீட்டி நீட்டி, மூன்றாவது டீச்சர் கையில் தினத்தந்தி விளையாட்டுப் பக்கம் வந்தது. அந்த டப்பாவைக் கட்டும்போது ஒன்று கற்றுக்கொண்டேன், பொய்யான டப்பாதான் ரொம்ப ஒழுங்காக இருக்கும். நிஜ லட்டு டப்பாவில் ஒன்றிரண்டு உடைந்து ஓரத்தில் பூந்தி சிதறியிருக்கும், நம்ம டப்பா மட்டும் விளம்பரத்தில் வருகிற மாதிரி. ஏன் இப்போது லட்டு ஞாபகம் வருகிறது? பசியா? இல்லை. கண் எங்கே போகிறது பார், பச்சைக் கட்டுக்குத்தான் போகிறது. வெள்ளைக் கட்டின் விளிம்பில் அச்சு மையின் கறுப்பு லேசாகத் தெரிகிறது, தாள் கொஞ்சம் வளைந்திருக்கிறது, ஸ்டேப்ளர் பின் ஒரு மூலையில் மேடு தட்டியிருக்கிறது. மஞ்சளிலும் அதே மேடு. பச்சையில் மேடு இல்லை. கடையில் வாங்கிப் பிரித்த மாதிரி அப்படியே. ஏ சாரே. ஏ ராஜரெத்தினம் சாரே. நிஜமாகவா?

இரு, இரு, அவசரப்படாதே, நாலு பேர் இருக்கிறார்கள் எனக்கு முன்னால். அப்படியே இருந்தால்? அடியில் ஒன்றுமே இல்லை என்றால்? யாரும் எடுக்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும், போன வருஷமும் எடுத்திருக்கமாட்டார்கள், அதற்கு முந்தின வருஷமும், மேலிடத்திலிருந்து மூன்று லெவல் வைக்கச் சொல்லியிருப்பார்கள், மேலே ஒரு தாள் அடித்து வைத்தால் போதும், வெட்கம் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பிரமாதமான விளையாட்டு, ஒத்துக்கொள்கிறேன், ஒரு கலைஞருக்கு இன்னொரு கலைஞர் செய்கிற மரியாதை. அப்படியென்றால் எடுக்கவேண்டாம் என்று ஆகிறதா? சி வகுப்பே இல்லை என்றால் நான் எங்கே போய் உட்காருவேன்? வெள்ளையை எடு, பேசாமல் எடு, அங்கே எல்லாரும் இருக்கிறார்கள், நிஷாவும் வருவாள், அவளை உட்காரவைத்து எல்லா சாரையும் செய்துகாட்டலாம், போர்டில் ஓடும், தலையாட்டலாம். தலையாட்டலாம். ரெக்ஸ் அண்ணன் மாதிரி நன்றாக ஆட்டலாம், அது மட்டும் எனக்கு வரும். முடியாது. முடியாதுன்னா முடியாது. மூன்று பேர். வெள்ளை. தொண்ணூற்றேழு என் காதில் அப்பா குரலில் கத்துகிறது, கத்து, நல்லா கத்து, வயரைப் பிடுங்கிவிடுகிறேன். இரண்டு பேர். வெள்ளை. எந்தக் குரலில் கேட்பது? ஸ்டேஷன் பெண்ணா? "பச்சை நிறத் தாள் நடைமேடை எண் மூன்றிலிருந்து", எல்லாரும் சிரிப்பார்கள், சாரும் சிரித்துவிட்டு வெள்ளையை நீட்டுவார், நானும் சிரித்துக்கொண்டே வாங்கிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். கண்டக்டரா? அப்பாவா? ஒவ்வொரு குரலாக எடுத்துப் பார்க்கிறேன், ஒவ்வொன்றும் வெள்ளையை வாங்குகிற குரலாகவே இருக்கிறது. முன்னால் யாரும் இல்லை. மேசை. சார் கண்ணாடியை இறக்குகிறார்.

"பச்சை ஒண்ணு குடுங்க சார்." யார் பேசினது? மெல்லிசாக, கொஞ்சம் கரகரவென்று, கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு. இந்தக் குரலை நான் எங்கேயும் பிடித்ததில்லை. சார் சிரிக்கிறார், உதட்டின் இடது ஓரம், "ஜெனோவாதானே? மிமிக்ரி பொண்ணு. இது யார் வாய்ஸ்மா?" பின்னால் சிரிப்பு. "என் வாய்ஸ்தான் சார்." "அப்ளிகேஷன்ல தொண்ணூத்தேழு பார்த்த ஞாபகம். வெள்ளை எடுமா, வரிசை நிக்குது." "நீங்கதான சார் சொன்னீங்க, எங்க லெவல் எங்களுக்குத்தான் தெரியும்னு. எனக்கு அடியில இருந்து வேணும்." "அடியில இருந்துன்னா எங்க இருந்து?" "ஒரு நம்பர் சமக்குறிக்கு அந்தப் பக்கம் போனா ஏன் மைனஸ் ஆவுதுங்கதுல இருந்து சார்." சொல்லிவிட்டேன். ஹால் முழுக்கச் சொல்லிவிட்டேன், மைக் இல்லாமல், இருந்தும் நன்றாகக் கேட்டிருக்கிறது, ஏனென்றால் யாரும் சிரிக்கவில்லை, அந்தக் கட்டாய வினா அன்று மாதிரி மின்விசிறிச் சத்தம் மட்டும், ஆனால் இன்றைக்கு அது எனக்கு உள்ளே இல்லை, வெளியே. சார் கை பச்சைக் கட்டின்மேல் அவசரமாக வருகிறது, மூடுகிற மாதிரி, என் கை முந்திவிட்டது, பெட்டி அவிழ்த்த கை, லட்டு டப்பா கட்டிய கை. மேல்தாளை எடுத்தேன். அடியில் பச்சை. வெறும் பச்சை. அதற்கு அடியிலும் வெறும் பச்சை. ஒரு புள்ளி மை கிடையாது, மொழுமொழுவென்று. சாரைப் பார்த்தேன். சார் மேசையைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது, சத்தியமாகச் சந்தோஷச் சிரிப்பு, என் லட்டு டப்பா இவ்வளவு தூரம் படித்துப் பட்டம் வாங்கி வந்து என் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறதே. "ஜெராக்ஸ் வந்துட்டிருக்கு" என்று சார் முணுமுணுத்தார், அந்த இழுப்பு இல்லாமல், டியூபில் காற்றே இல்லை. "எனக்கும் பச்சைதான் சார்." நிஷா. ரகசியமாகச் சொல்லத்தான் பார்த்திருப்பாள், கடைசிப் பெஞ்சுவரை கேட்டது. சார் நிமிர்ந்தார், "இருந்த ஒண்ணை அந்தப் பொண்ணு எடுத்துட்டாளேம்மா."

"பரவால்ல சார்", பச்சைக் கட்டை அப்படியே அணைத்துத் தூக்கிவிட்டேன், ஸ்பீக்கர் பெட்டியை விடக் கனம் குறைவு, "கேள்வியை நான் வாசிக்கேன், எல்லாரும் வெறும் தாள்ல எழுதிக்கிடட்டும். தாளுக்குப் பஞ்சமே இல்ல. நாளைக்கு வகுப்பு எந்த ரூம்னு மட்டும் சொல்லிருங்க." "வகுப்பா, அது ஆள் சேர்ந்தாத்தானம்மா." "சேர்ந்தாச்சு சார். ரெண்டு பேரு." வரிசை முழுக்க சார் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது, சார் பேனாவை எடுத்து வெள்ளைத் தாள் ஒன்றின் பின்பக்கம் என்னமோ கிறுக்கினார், "ரூம் பதினொண்ணு. ஒன்பதரைக்கு." கடைசிப் பெஞ்சுக்கு நடக்கிறேன், நடுவில் இருக்கிற வழி இவ்வளவு நீளமா, வெள்ளைத் தாளெல்லாம் இரண்டு பக்கமும் நிமிர்ந்து பார்க்கின்றன, பாருங்கள், நன்றாகப் பாருங்கள், நான் மடித்து நெஞ்சோடு வைக்கமாட்டேன், தலைக்கு மேலே தூக்கிக்கொண்டுதான் போவேன், திருவிழாக் கொடி மாதிரி. நிஷா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வெறும் பச்சையை உருவுகிறாள், "ஏட்டி, எங்க உம்மா கொல்லப்போறா", "எங்கம்மாவும்தான், ஒண்ணாப் போவோம்." பெஞ்சுகளுக்கு நடுவில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு இந்தப் பக்கம் வருகிற சத்தம். சிவப்புப் பையா, மஞ்சள் பெண்ணா, திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்த்தால் போய்விடுவார்கள், பூனை மாதிரி. கட்டிலிருந்து ஒரு வெறும் தாளை எடுத்துப் பெஞ்சின் காலியான ஓரத்தில் வைத்துவிட்டு வாசித்தேன், கரகரவென்று, அந்த மெல்லிசுக் குரலில், "கேள்வி ஒன்று. எக்ஸ் கூட்டல் ஐந்து சமம் பன்னிரண்டு. எக்ஸ் என்ன? ஒவ்வொரு படியும் ஏன் என்று எழுதுக."

ஏழு. ஏழு என்று யாருக்கும் தெரியும். ஏன்? உள்ளே செருமல் கேட்கிறது, பிரம்பு தட்டுகிறது, பால்துரை சார் வந்துவிட்டார், "அஞ்ச அந்தப் பக்கம் தள்ளு", இருங்க சார், "தள்ளுனா என்னாவும்", இருங்கன்னு சொல்லுதேன்லா, அறுபது பேரும் வாயைத் திறக்கிறார்கள், மூடுங்கல. மூடிவிட்டார்கள். அமைதி. பக்கத்தைத் திருப்பமாட்டேன், இன்றைக்கு எவ்வளவு நேரமானாலும் இந்த அமைதியிலேயே உட்கார்ந்திருப்பேன், வா, என்ன செய்துவிடுவாய் பார்ப்போம். அஞ்சைத் தள்ளினால் அது எங்கே போகும், கோடு தாண்டும்போது அதற்கு என்ன ஆகும், சட்டையை மாற்றிக்கொள்ளுமா, யார் மாற்றிவிடுகிறார்கள், நடுவில் இரண்டு கோடு, சமம், சமம் என்றால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கனம், ஒரே கனம் என்றால் சாயாமல் நிற்கும், சாயாமல், டிவிஎஸ் வண்டி, இந்தப் பக்கம் இரண்டு பெட்டி அந்தப் பக்கம் இரண்டு பெட்டி, நான் ஒன்றை அவிழ்த்துக்கொண்டு ஓடுகிறேன், டமார், ஏ எருமை. பேனா நின்றுவிட்டது. நிஷா என்னைப் பார்க்கிறாள். அஞ்சு போகவே இல்லை. எந்தப் பக்கமும் போகவில்லை, எதுவும் மாறவில்லை, இத்தனை வருஷமாக அதைத் தள்ளிக்கொண்டே இருந்தோம், அது எங்கேயுமே போகவில்லை, இந்தப் பக்கம் அஞ்சை அவிழ்த்தேன், வண்டி சாயக்கூடாது என்று அந்தப் பக்கமும் அஞ்சை அவிழ்த்தேன், அவ்வளவுதான், அந்த அவிழ்த்த தடம்தான் அங்கே மைனஸ் என்று நிற்கிறது. "ஏட்டி", என்கிறேன், "நிஷா, நேத்து கேட்டேல்லா." "ஏன்?" என்கிறாள் அவள், அதே மாதிரி, கொஞ்சமும் மாறாமல். நான் வாயைத் திறக்கிறேன், எந்த சாரும் வரவில்லை, யாரும் வரவேண்டாம், பச்சைத் தாளில் ஒரு வண்டி வரைகிறேன்.